ஷர்மிளா மேடம் லைனில் இருக்கிறார்

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அக்கா, உங்கள் முருங்கைக்காய்க் கட்டு விலாவில் குத்துகிறது. இல்லை, மடியிலிருந்து இதைக் கீழே வைக்க முடியாது. பெட்ஷீட்டைப் பார்த்து அழுக்குத் துணி மூட்டை என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர். டிவி மாதிரி இருப்பது இல்லை, அதற்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிற்குமே, அது. கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடைக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன். இதில் ஒரு ரிப்பேரும் இல்லை. அதுதான் சிரிப்பு.

ஆனால் அந்தச் சிரிப்பை இப்போது தர மாட்டேன். பல்லடம் வரட்டும். தாராபுரத்தில் ஏறி, குண்டடம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டால் மிச்ச வழிக்கு நாம் இரண்டு பேரும் காற்றாலையை எண்ணிக்கொண்டு வர வேண்டியதுதான். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள், நான் பொறுப்பு. அதுவரைக்கும் கேளுங்கள்.

முதலில் அந்த ஆளைச் சொல்ல வேண்டும். பெயர் நவநீதன். என் கூடப் பிறந்த கோகிலாவின் வீட்டுக்காரர். கோகிலா எனக்கு ஆறு வயசு மூப்பு, ஆனாலும் நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இந்த ஆளை எப்படியும் கூப்பிடுவதில்லை. 'மாமான்னு சொல்லு மிருது' என்று அம்மா இரண்டு வருஷமாகச் சொல்கிறாள். மிருதுளா என்று எனக்குப் பெயர் வைத்ததும் அம்மாதான். அவள் கணிப்பெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

உடுமலையில் ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருந்தார். மில்லை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் முன்னால் இரண்டு சூட்கேசும் ஒரு கிரைண்டருமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கோகிலா திரும்பி வந்ததில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவளோடு இவரும் வந்ததுதான். முன்னறை அவர்களுக்கு. அந்த முன்னறையில்தான் நானும் கோகிலாவும் சின்னதிலிருந்து படுப்போம். இப்போது நான் சமையலறையை ஒட்டி அம்மா பக்கத்தில். அம்மா குறட்டை எப்படித் தெரியுமா? முதலில் கெட்டில் கொதிக்கிற மாதிரி, 'ஸ்ஸ்ஸ்', அப்புறம் மொபெட் ஸ்டார்ட் ஆகாத மாதிரி, 'க்ர்ட், க்ர்ட், க்ர்ட்'. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார் பாருங்கள். ஒன்றுமில்லை அண்ணா, எங்கள் அம்மா.

நான் யார் குரலையும் எடுப்பேன் அக்கா. ஒரு தடவை கேட்டால் போதும். எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் குரலில் பக்கத்து வகுப்பையே எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். இந்த ஆள் குரல் அதைவிடச் சுலபம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் தராசில் வைத்து எடுக்கிற மாதிரி. 'அதாவதுங்க. அந்தத் தட்டத்தைச் சித்த இப்படி நகத்துனீங்கன்னா. நானே எடுத்துக்குவனுங்க.' இதைச் சொல்லி முடிப்பதற்குள் தோசை ஆறிவிடும். துண்டை நாலாக மடித்துத்தான் கொடியில் போடுவார். ஒற்றை விரலால்தான் டைப் அடிப்பார், ஒவ்வொரு எழுத்துக்கும் கீபோர்டை முழுசாகத் தேடி. அந்த கம்ப்யூட்டர் யாருடையது? என்னுடையது. பத்தாம் வகுப்பு மார்க்குக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை அந்த ஆள் அதன் முன்னால் உட்கார்ந்து வேலை தேடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாற்காலி சூடாக இருக்கும்.

தேடட்டும். யார் வேண்டாம் என்றது? கிடைத்த வேலைதான் சரியில்லை. சூரத்தாம். குஜராத். அங்கே பெரிய மில்லில் சூப்பர்வைசர், குவார்ட்டர்ஸ் தருவார்களாம், குடும்பத்தோடு வரலாமாம். ஆம்பளைதானே, தனியாகப் போய்ச் சமைத்துச் சாப்பிட வேண்டியதுதானே. கோகிலாவை எதற்கு அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக வேண்டும்? அவளுக்கு இந்தி தெரியுமா, அந்த ஊர் வெயில் தாங்குமா? அவள் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு அவள் எங்கே இருந்தால் என்ன?

சூரத் பேச்சு எடுத்த அன்றைக்கே நான் மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஒரு பகல் முழுக்க இறங்கவில்லை. மறுநாள் கோகிலாவின் சர்டிபிகேட், ஆதார் கார்டு எல்லாவற்றையும் அரிசி டிரம்முக்குள் போட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். 'நீ வாசல்ல நிக்கற வரைக்கும் இவீங்க ஊரு எல்லையத் தாண்ட முடியாதுடி' என்றாள். சரியாகச் சொன்னாள். வாசலில்தான் நின்றேன்.

குண்டடம் வந்துவிட்டது. இன்னும் நேரம் இருக்கிறது.

சூரத்துக்காரர்கள் மெயில் அனுப்பினார்கள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், போனில் கூடாது என்று. நான் புதன்கிழமை சாயங்காலமே வேலையை முடித்துவிட்டேன். வயரை அறுக்கவில்லை அக்கா, அதெல்லாம் அறிவில்லாதவர்கள் செய்வது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் நீலமாக ஒரு திரை வரும். அதற்குள்ளே போனால், நெட் வயர் சொருகுகிற இடத்தையே 'இது இந்த கம்ப்யூட்டரில் கிடையாது' என்று ஆக்கிவிடலாம். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் நான், லேபில் கற்றுக்கொண்டது. அப்படி ஆக்கிவிட்டால், கம்ப்யூட்டருக்கு நெட் என்று ஒன்று இருந்ததே மறந்துவிடும். வழக்கமாக நெட் வரவில்லை என்றால் அந்த கனெக்‌ஷன் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழும், எங்கே பழுது என்று தேடலாம். இதில் அந்தப் படமே இருக்காது. செட்டிங்ஸைத் திறந்தால் வெறும் வெள்ளை. பழுதே இல்லை, எங்கே தேடுவது?

அதோடு விட்டால் யாராவது மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிடுவாரே. அதனால் மோடத்தின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். நோட்டுக்கு ஒட்டுகிற லேபிள்தான், ஆனால் அச்சடித்த மாதிரி எழுதினேன். 'வாடிக்கையாளர் சேவை மையம், காலை 9 முதல் மாலை 6 வரை.' கீழே ஒரு நம்பர். எந்த நம்பர் என்று கேளுங்கள்.

கோகிலா காலேஜில் வைத்திருந்த பழைய பட்டன் போன் ஒன்று இருக்கிறது. இதோ, இதுதான். கல்யாணம் ஆனதும் அவளுக்குப் புது போன், புது நம்பர். இந்த நம்பரில்தான் எங்கள் கேஸ் புக்கிங் இருக்கிறது, அதனால் அப்பா ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருப்பார். சிலிண்டர் தீர்ந்தால் எடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் சாமி அலமாரியில் கற்பூர டப்பாவுக்குப் பின்னால் கிடக்கும். வீட்டில் யாருக்கும் இந்த நம்பர் மனப்பாடம் கிடையாது. அப்பாவே கேஸ் புத்தகத்தின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த போனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் நாலு மாதம். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு அந்த ஆள் கூப்பிடுவார். கோகிலா இதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். நான் பின்னால் போனால் 'போடி கீழ' என்பாள். அதுவரைக்கும் அவள் என்னைப் போடி என்று அனுப்பியதே கிடையாது. நாலு மாதம் அக்கா. தினமும். மாடிப்படியில் உட்கார்ந்து அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான், மிமிக்ரியில் மாவட்ட அளவில் கப் வாங்கினவள்.

சரி, அது எதற்கு. சிரிப்புக்கு வருவோம்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு போன் அடித்தது. நான் மாடியில் தொட்டிக்குப் பின்னால். அவர் கீழே முன்னறையில். முதலில் ரெக்கார்டு குரல். கேளுங்கள்: 'வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்.' கீழே 'பீப்' என்று அழுத்துகிறார். 'எங்கள் அதிகாரிகள் அனைவரும் வேறு இணைப்பில் உள்ளனர்.' அப்புறம் எவர்சில்வர் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு கீபோர்டு மியூசிக். ஆறு நிமிஷம் வாசித்தேன். அப்புறம்தான் ஷர்மிளா வந்தாள்.

'வணக்கம் சார், நான் ஷர்மிளா, உங்களுக்கு நான் எந்த வகையில் உதவ முடியும்?'

'அதாவதுங்க மேடம். நெட்டு வர்றதில்லீங்க.'

'சிரமத்திற்கு வருந்துகிறோம் சார். நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் ஓப்பன் பண்ணுங்க. என்ன தெரியுது?'

'ஒண்ணுமே இல்லீங்க மேடம். வெள்ளையா இருக்குது.'

'நல்லாப் பாருங்க சார்.'

'கண்ணாடி போட்டுட்டே பாக்கறனுங்க.'

'வயரைப் பிடுங்குங்க சார். அந்த முனையை வாயால ஊதுங்க.' ஊதுகிறார். எனக்குக் காதில் காற்று வருகிறது. 'பத்தலைங்க சார், இன்னும் அழுத்தமா.' ஊதுகிறார். 'இப்ப மோடத்துக்கு அடியில இருபது நம்பர் இருக்கும், வாசிங்க.' வாசித்தார். 'சாரி சார், கடைசியிலிருந்து வாசிங்க.' வாசித்தார் அக்கா. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக. நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

'புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது சார். எழுபத்திரண்டு மணி நேரத்தில் சரியாகும்.'

'ரொம்ப நன்றிங்க மேடம்' என்றார்.

பதினொரு மணிக்கு இன்டர்வியூ. ஆள் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கத்தவில்லை, அழவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, 'அப்படியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காலாறப் போயிட்டு வாரேனுங்க' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பி வருகிறார், கையில் அரைக் கிலோ ஜாங்கிரி. வேலை கை நழுவினதற்கு யாராவது ஜாங்கிரி வாங்குவார்களா அக்கா? அந்த ஆள் வாங்குவார். அதுதான் அவர் மூளை. கோகிலா ஒரு ஜாங்கிரியைப் பிட்டு எனக்கு ஊட்டிவிட்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நானும் கொஞ்சம் பாவப்பட்டேன், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் இன்னொரு ஜாங்கிரி சாப்பிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். 'அதாவதுங்க. கம்பெனிக்காரங்க இன்னொரு சான்ஸ் குடுத்திருக்காங்க. இன்னும் பதினஞ்சு நாள்ல, வெள்ளிக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஃபார்ம் ஃபில்லப் பண்ணி அனுப்போணும். நம்ம கம்ப்யூட்டர்லதான் பண்ணோணும்.' என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தட்டத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டே நான் நினைத்தேன்: வா, ராசா.

அந்த வெள்ளிக்கிழமை நாளைக்குத்தான்.

இந்தப் பதினஞ்சு நாளும் ஷர்மிளாவுக்கு ஓய்வே இல்லை. நான் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்துச் சரியாகக் கூப்பிடுவார். ஸ்டடி லீவு எனக்கு. ஃப்ரிட்ஜை அணைக்கச் சொன்னேன், அணைத்தார். மோடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீட்டின் வடகிழக்கு மூலையில் நிற்கச் சொன்னேன். எத்தனை நிமிஷம் என்று கேட்டார். பதினேழு என்றேன். நின்றார். அம்மா பார்த்துவிட்டு 'ஏனுங் மாப்ளே' என்று கேட்கிறாள், 'கம்பெனியில சொல்லியிருக்காங்கத்தை' என்கிறார். நான் தொட்டிக்குப் பின்னால் உருண்டு உருண்டு சிரித்தேன். மாடிப்படிக் கதவைச் சாத்தினேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

பேச இஷ்டமில்லாத நேரத்துக்கு வேறு குரல் வைத்திருந்தேன். 'நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்.' பார்த்தீர்களா, நீங்களே பைக்குள் உங்கள் போனைத் தேடுகிறீர்கள். நான்தான் அக்கா. அப்பாடா, ஒரு தடவை சிரித்தீர்கள். இதற்கே சிரித்தால் பல்லடத்தில் என்ன செய்வீர்கள்?

அந்த ஆள் கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். ஒரு நாள், எனக்கும் கோகிலாவுக்கும் சண்டை. அவள் புடவைகளை எடுத்து மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள், எதற்கு என்றால் 'அந்துப்பூச்சிக்கு' என்றாள். எனக்குக் கோபம், மத்தியானம் சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டேன். மூன்று மணிக்கு போன். 'மேடம், நீங்க சாப்டீங்களா?' என்கிறார். கஸ்டமர் கேரிடம் யாராவது கேட்பார்களா? 'சார், உங்கள் இணைப்புத் தொடர்பாக மட்டும் பேசவும்' என்றேன், ஷர்மிளா குரலில், விறைப்பாக. 'சரிங்க மேடம். மணி மூணாச்சுங்களே, அதான் கேட்டேன்.' போனை வைத்துவிட்டு இறங்கினால் மேல் படியில் ஒரு தட்டு. நாலு தோசை, மூடி வைத்திருக்கிறது. பூனைக்கு யாரும் நாலு தோசை வைக்க மாட்டார்கள்தான். ஆனால் பசி, நான் யோசிக்கவில்லை, தின்றுவிட்டேன்.

இன்னொரு நாள்தான் எனக்கே திக்கென்று ஆனது. 'மேடம், ஆன் பண்ணும்போது ஒரு பட்டனை அமுக்குனா நீலமா ஒரு திரை வருமாமுங்க. அதுக்குள்ள போயி ஏதாச்சும் பாக்கட்டுங்களா?' எந்த பிரவுசிங் சென்டர்க்காரன் சொல்லிக் கொடுத்தானோ தெரியவில்லை. நான் விடுவேனா? 'சார், அதைத் தொட்டால் வாரன்டி போய்விடும்.' அப்புறம் சொல்கிறார், 'அப்ப வேண்டாமுங்க மேடம். நீங்களே எப்பத் தொடலாம்னு சொல்றீங்களோ அப்பத் தொட்டுக்கலாமுங்க.' தொடவே இல்லை அக்கா. தினம் நான் பார்த்தேனே, அப்படியேதான் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம், மண்டு.

ஷர்மிளாவை வைத்தே ஓட்டினால் சந்தேகம் வரும் என்று போன திங்கட்கிழமை டெக்னிகல் ஹெட்டை இறக்கினேன். ஆண் குரல், அடித்தொண்டையில். 'நான் சதாசிவம். சொல்லுங்க சார்.'

'சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுங்களா?'

'சொல்லுங்க.'

'அதாவதுங்க. எம்பட கொழுந்தியா ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு அவ அக்கான்னா உசுருங்க. அக்காவப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போறானேன்னு எம்மேல ஆத்திரமுங்க. தப்பில்லீங்க, நானா இருந்தாலும் அப்படித்தான் இருப்பேன். ஏழு மாசமா மாமனார் சோறு திங்கறனுங்க சார், எனக்கும் வேற வழியில்லீங்க. நாங்க போனாலும் இந்தக் கம்ப்யூட்டர் அதுகிட்டயே இருக்கட்டும்னு பாக்கறனுங்க. தெனம் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவுல அவளும் அவ அக்காளும் மொகம் பாத்துப் பேசிக்கலாம் பாருங்க. அதுக்குத்தானுங்க, இந்தக் கனெக்‌ஷன் நல்லா இருக்கோணும். அது கேட்டுக்குமுங்களா சார், நீங்க சொல்லுங்க.'

இதை ஒரு மனுஷன் டெக்னிகல் ஹெட்டிடம் சொல்வாரா? குடும்பக் கதையை எவனோ முகம் தெரியாதவனிடம்? மானம் போகாதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் குரலே தவறியிருக்கும், சமாளித்துக்கொண்டு ஒன்று சொன்னேன் பாருங்கள். 'சார், அது எங்கள் டிபார்ட்மென்ட் இல்லை.' வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. நேற்று சாயங்காலம் வந்து 'மிருதுளா' என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இரண்டு தடவைதான் இருக்கும். 'அதாவது. இதக் கோயமுத்தூரு கொண்டுபோயித்தான் பாக்கோணுமாம். எனக்கு முதுகு வலி. நீ போயிட்டு வரியா?' நானா? எனக்கு வாய் காதுவரை. கோழி தானாகவே குழம்புச் சட்டிக்குள் இறங்கி உட்காருகிறதே என்று நினைத்தேன்.

இன்றைக்குக் காலையில் என்னடாவென்றால், ஒரு நாள் கோயமுத்தூர் போகிறவளுக்கு இவர்கள் பண்ணுகிற கூத்து. அம்மா நாலு மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறுகிறாள். ஒரு பெரிய குண்டா நிறைய. எனக்கு ஒரு டப்பா, மேடையில் இன்னும் இரண்டு பெரிய டப்பா. கண்ணு சிவந்திருக்கிறது, வெங்காயம் என்கிறாள். புளிச்சோற்றுக்கு எதற்கு வெங்காயம்? கோகிலா என்னை உட்கார வைத்து இரட்டைச் சடை பின்னிவிட்டாள். எட்டாவது படிக்கும்போது பின்னிவிட்டது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான். பின்னி முடித்தாள், சரியாக வரவில்லை என்று அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கத்துகிறேன், அவள் பின்னிக்கொண்டே இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். இந்தப் பெட்டியை அந்த ஆள்தான் பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டினார், என்னவோ குழந்தையைச் சுற்றுகிற மாதிரி. பஸ் கிளம்பும்போது கோகிலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தாள். 'விடுடி, சாயங்காலம் வந்துருவேன்' என்றேன்.

இதோ, பல்லடம் போர்டு. இப்போது சிரிப்பு. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

நான் காந்திபுரம் போகப் போவதில்லை. சிங்காநல்லூரிலேயே இறங்கி ரக்‌ஷனா என்று என் ஸ்நேகிதி வீட்டில் உட்கார்ந்து, ஏசி போட்டு, புளிச்சோறு தின்னப் போகிறேன். சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய், கடைக்காரன் குரலிலேயே சொல்வேன்: 'போர்டு போயிடுச்சுங்க, பத்து நாள் ஆகும்.' நாளைக்கு ஐந்து மணிக்குக் கெடு முடிந்துவிடும். சூரத் போச்சு. கோகிலா எங்கேயும் போக மாட்டாள். தன் வேலைக்குத் தானே குழி வெட்டி, அதைப் பெட்ஷீட்டில் கட்டி, பஸ் சார்ஜும் கொடுத்து அனுப்பியிருக்கிறார் அந்த ஆள்.

சிரியுங்கள் அக்கா.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? என்ன? எந்த நம்பர்? சொன்னேனே, இந்தப் பட்டன் போன் நம்பர். கோகிலாவின் பழைய நம்பர்.

அவர் போனில் அந்த நம்பரை அடித்தால் யார் பெயர் வரும் என்றா கேட்கிறீர்கள்?

யார் பெயரும் வராது. வீட்டில் யாருக்கும் அந்த நம்பர் தெரியாது என்றேனே. கேஸ் புத்தகத்தில்தான் இருக்கிறது. அவருக்கு எப்படித் தெரியும்? அவர் எதற்கு இந்த நம்பருக்கு...

நாலு மாதம் கூப்பிட்டார். தினமும். ஏழு மணிக்கு.

இருங்கள். கொஞ்சம் இருங்கள் அக்கா.

முதல் நாளே பெயர் வந்திருக்கும். கோகிலா என்று. வந்த பிறகும் ஒன்றை அழுத்தினார். ஆறு நிமிஷம் டம்ளர் மியூசிக் கேட்டார். ஊதினார். பதினேழு நிமிஷம் கையைத் தூக்கிக்கொண்டு... அந்த வியாழக்கிழமை இஸ்திரிச் சட்டை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் இருக்கிறது அக்கா. பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை, அங்கே ஒரு கம்ப்யூட்டர் முன்னால். அதற்கு ஜாங்கிரி.

அந்துப்பூச்சிக்கு எதற்குப் புடவையை சூட்கேஸில் வைக்க வேண்டும்? சூட்கேஸில்தான் வைத்தாள். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் சண்டை போட்டேன். மேடையில் இரண்டு டப்பா புளிச்சோறு. ரயிலுக்கு இரண்டு நாள். இன்றைக்கு வியாழன், நாளைக்குக் கெடு என்றாரே, அப்படி ஒரு கெடுவே இல்லை. ஈரோட்டில் சூரத் ரயில் எத்தனை மணிக்கு என்று உங்களுக்குத் தெரியுமா? நாம் போவது மேற்கே, ஈரோடு வடக்கே. அவர் டெக்னிகல் ஹெட்டிடம் பேசவில்லை அக்கா. 'அது கேட்டுக்குமுங்களா' என்று என்னிடம்தான் கேட்டார். நான் எங்கள் டிபார்ட்மென்ட் இல்லை என்றேன்.

கண்டக்டரைக் கூப்பிடுங்கள். வேண்டாம், இருங்கள், முதலில் கூப்பிட்டுப் பார்க்கிறேன். கோகிலாவின் புது நம்பர் எனக்குத் தெரியும். இந்தப் பெட்டியைச் சித்த பிடியுங்கள்.

'நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்.'

நீங்கள் சிரிக்கிறீர்கள். இப்போது சிரிக்காதீர்கள் அக்கா. இந்தாருங்கள், உங்கள் காதில் வைத்துக் கேளுங்கள்.

இந்தத் தடவை நான் பேசவில்லை.